மச்சக்காரர்

மைன்ஸில் வேலை பார்க்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பரமசிவத்தின் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்த சேதி கேட்டதும், அகிலா ஆசை ஆசையாய் ஆறுதல் சொல்லக் கிளம்பினாள். அடுத்தவர் துக்கத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பதில் நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை.

அங்கே பரமசிவத்தின் மனைவி தனபாக்கியம், வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா கூத்து இது? அண்ணன் முகமே போச்சு. பொண்ணுக்கு வரன் வேற பார்க்கிறீங்க!”

“உடம்போட எதிர்ப்புச் சக்திக்குப் புற்றுநோய் பிரேக் போட்டிருந்துச்சாம். ஊசி போட்டு அந்த பிரேக்கை எடுத்துவிட்டாங்க. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லுலதான் புற்றே வந்துச்சாம்; அதனால இப்ப அந்தச் சக்தி புற்றோட சேர்த்துத் தோல் நிறத்தையும் அடிக்குது. இந்த வெள்ளை, மருந்து வேலை செய்யுற நல்ல அறிகுறின்னு டாக்டரே சிரிச்சாரு.”

“புற்றுநோயா? அண்ணனுக்கா?”

“ஆமா. போன வருஷம் அவரு உள்ளங்கால்ல பார்த்துட்டு, ‘வெளிநாட்டு யோகம்’னு வயிறெரிஞ்சியே, அந்தக் கருப்பு மச்சம்தான். இந்தா, கேசரி.”