எந்தப் படகு நல்ல படகு?

கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் ஜெட் படகுக் கண்காட்சி. கூக்கால் கிராமத்துச் சண்முகவள்ளி வெள்ளனே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"எங்க ஊர் ஏரியில ஜெட் படகு விடப் போறாங்களாம். எது நல்லதுன்னு பாக்க வந்தேங்க."

முதல் கம்பெனிக்காரர் ஓடிவந்து நாற்காலி போட்டார்.

"எங்களுது பதினெட்டு லட்சம்ங்க. பக்கத்துல பதினஞ்சும்பாங்க, ஏமாந்துராதீங்க. அவங்க படகுல ஆயில் ஒழுகும். அந்தத் தண்ணிய பயிருக்குப் பாய்ச்ச முடியாது."

"இதையே என் போன்ல பேசிப் பதிஞ்சு தர்றீங்களா? ஊர்ல கேப்பாங்க."

அவர் உற்சாகமாகப் பேசினார்.

அதைக் கேட்ட இரண்டாமவர் கொதித்தார். "அவரா சொன்னாரு? அவரு படகு போடுற சத்தத்துல மாடு பால் கறக்காதுங்க. மூணாவது கம்பெனி படகு அடிக்கிற அலையில ஏரிக்கரையே சரிஞ்சிரும்!"

அதையும் போனில் பேசினார்.

மூன்றாமவர் டீ வாங்கிக் கொடுத்தார். "அவங்க ரெண்டு பேரு படகு ஓடுற ஏரியில மீன் மிஞ்சாதுங்க. குடிதண்ணி பெட்ரோல் நாறும்."

அதுவும் போனில் ஏறியது.

மறுநாள் கிராம சபை. ஏரியில் ஜெட் படகு விட்டே ஆகவேண்டும் என்றார் தலைவர். "வேணாங்கிறவங்க வெவரத்தோட பேசுங்க. அதனால என்ன கெடுதல்?"

அந்த ஏரித் தண்ணீரை நம்பிப் பூண்டு போட்டிருந்த சண்முகவள்ளி, எழுந்துபோய் போனை மைக்கருகே வைத்தாள். மூன்று குரல்களும் கணீரென்று ஒலித்தன. கூட்டம் சலசலத்தது.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா இவங்கெல்லாம்? படகப் பத்தி இவங்களுக்கு என்ன தெரியும்?"

"ஜெட் படகு விக்கிறவங்கண்ணே!"