கைராசிச் செடி

“மீன்தொட்டிச் செடி, போன வாரம் தந்த மாதிரியே வேணும். சாண் உயரம். ஒரு இலை ஓட்டையா இருந்தா உத்தமம்.”

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “மறுபடியும் அழுகிடுச்சா? பேசாம பிளாஸ்டிக் வைங்க சார்.”

“ஐயோ! செடியெல்லாம் தன் கைராசியில வளருதுன்னு என் மனைவி ஊரெல்லாம் சொல்றா. உண்மை தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா.”

பதவி உயர்வுக்குக்கூட அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை. ஈரம் சொட்டும் பையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பூனைபோல் வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறையில் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அந்தத் தொட்டியே சலிச்சுப் போச்சு அக்கா. அழுகின செடியை இவர் திருட்டுத்தனமா மாத்தி வைக்கிறாரு. நானும் என் கைராசின்னு பீத்திக்கிறேன். நிறுத்தினா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு.”

சற்று நின்றார். பிறகு சத்தமில்லாமல் அழுகலைப் பிடுங்கிப் புதியதை ஊன்றினார்.

“பாத்தீங்களா, எப்படித் தளதளன்னு வந்திருக்கு!” என்றபடி வந்தாள்.

“எல்லாம் உன் கைராசி” என்றார், நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே.