விலகிப் போன கடல்சாமந்தி

வீட்டு மீன் தொட்டியில் இருந்த, தொட்டால் கொட்டும் கடல் உயிரியான கடல்சாமந்தி, மூன்றாம் நாளும் பாறையை விட்டு நகர்ந்து எதிர்க் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கொட்டிவிடுமோ என்று பயந்து, செந்தூர்வேல் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பவும் தொட்டிக்குள் இருந்த மோட்டார் அருகே பாறையில் வைத்தான்.

"பூ மாதிரி இருக்கு, இதுக்குப் போயி இம்புட்டு பயமா? இனி நான் பாத்துக்கிடுதேன்" என்று மனைவி உமாராணி சிரித்தாள்.

மறுநாள் காலை, துறைமுகத்தில் வேலைக்கு நடுவே அவன் மீன்கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

"தண்ணி டெஸ்ட் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. நானும் கையுறை போட்டு மோட்டார் பக்கத்துலயே எடுத்து வைக்கேன். பெறவு ஏன் கடல்சாமந்தி பாறைய விட்டு விலகிப் போவுது?"

"மோட்டார் வயர் உரிஞ்சிருக்கும் தம்பி. தண்ணியில கரண்டு கசிஞ்சா அங்கன நிக்காது. நீ கையுறை போட்டதால தப்பிச்ச."

செந்தூர்வேல் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டான். சின்ன மகள் எடுத்தாள்.

"அம்மா எங்க?"

"தொட்டிப் பக்கத்துல படுத்திருக்காப்பா. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டுக்கா."