அனுப்பியவர் பெயர்

“இந்த மனுசனை இப்பிடி அனுப்பின டொக்டரை நான் சும்மா விடமாட்டன்” என்றாள் அம்புலன்ஸோடு வந்திருந்த றொஷானி.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. நெடுந்தீவிலிருந்து சோளகக் காற்றோடு மல்லுக்கட்டி வந்திருந்தது அது. உள்ளே கழற்றிய கதவொன்றின் மேல், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார். கூட வந்தது வள்ளக்காரர் லியோன் மட்டும்தான்.

“டொக்டர் எழுதின துண்டு எங்கை, அண்ணை?”

“துண்டு இல்லைப் பிள்ளை.”

“தீவு ஆஸ்பத்திரியிலையிருந்துதானே கொண்டு வாறியள்?”

“அங்கையிருந்துதான் கொண்டு வாறம்.”

“பிறகேன் ஒரு நேர்ஸும் வரேல்லை?”

“அங்கை ஒரு பிள்ளைப்பேறு. அவவும் வெளிக்கிட்டா வேற ஒருத்தரும் இல்லை.”

றொஷானி வேலை செய்த கம்பனிக்கு நாடு முழுவதும் இருநூறு அம்புலன்ஸுகள் ஓடின. வைத்தியரின் கடிதம் இல்லாமல் எவரையும் ஏற்றக்கூடாது என்பது கொழும்புத் தலைமையகத்தின் கண்டிப்பான உத்தரவு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசியில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

“ஓம், துண்டு இருக்கு” என்று பொய் சொல்லிவிட்டு, அவரை வண்டியில் ஏற்றினாள். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

சாரதி அன்ரனிதாஸ் சைரனை அலறவிட்டுப் புங்குடுதீவுத் தெருவில் பறந்தான். றொஷானி ஒக்சிசனைப் பூட்டினாள், கையில் ஊசி ஏற்றினாள். அவளுடைய கோபம் மட்டும் அடங்கவில்லை.

“காலமையே நெஞ்சுநோ வந்ததெண்டு சொல்லுறியள், மத்தியானம் வரைக்கும் வைச்சிருந்திருக்கினம். ஒரு துண்டு எழுதக்கூட அந்த டொக்டருக்கு ஏலாமப் போச்சோ? அவரெல்லாம் ஒரு மனுசனோ?”

லியோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படுத்திருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

“விடுங்கோ, லியோன்... அவ தன்ர வேலையைச் செய்யட்டும்.” முகமூடிக்குள்ளிருந்து குரல் மெல்ல வந்தது.

பண்ணைப் பாலத்தில் ஏறும்போது நாடி விழுந்தது. இருபுறமும் கடல் ஓட, றொஷானி அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். பெரியாஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும்வரை கையை எடுக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் முகத்தை மூடிவிட்டார்கள்.

லியோன் வெளியே வாங்கில் குந்தியிருந்து சத்தமில்லாமல் அழுதார். றொஷானி கம்பனிப் படிவத்தோடு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். பேனையைத் திறந்தாள். எழுதத்தான் வேண்டும். இந்தச் சாவுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

“செத்தவற்ர பேர் என்ன, அண்ணை?”

“வேதநாதன்.”

எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனையை அழுத்தி ஊன்றினாள்.

“இவரை அனுப்பின டொக்டற்ர பேர்?”

லியோன் ஈரத் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

“அதிலையும் இவற்ர பேரைத்தான் எழுதோணும், பிள்ளை.”