இதயத்தில் கிடந்த முடி

"இன்னைக்கும் இதயத்துக்குள்ள மீசை முடிங்க" என்றார் மேனேஜர் வேல்குமார். கையிலிருந்த குழந்தைச் சட்டையை எல்லோரும் பார்க்கும்படி விரித்துப் பிடித்தார்.

வெள்ளைச் சட்டை. நெஞ்சில் கொழுகொழுவென்று ஒரு சிவப்பு இதயம். அதன் நடுவில், ஈரச் சாயத்தில் விழுந்து அப்படியே காய்ந்துபோன, குட்டையான முரட்டுக் கறுப்பு முடி ஒன்று வளைந்து கிடந்தது. வேலம்பாளையத்திலிருந்த அந்தப் பிரிண்டிங் யூனிட்டில் கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்துதான். தினமும் ஒரு சட்டையில் இப்படி ஒன்று வந்துவிடுகிறது. தலைமுடி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பிரிண்டிங் மேசையில் நிற்கிற அத்தனை பேரும் தொப்பி போட்டிருக்கிறார்கள்.

கண்டுபிடித்தவள் செக்கிங்கில் இருக்கும் முத்துப்பேச்சி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இது மட்டும் தப்பியிருக்கக் கூடாதா என்று இப்போது நொந்துகொண்டாள். அந்த மேசையிலேயே பெரிய மீசை சுடலையுடையது. சுடலை அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

முதலாளி அய்யாசாமி சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை இன்னும் கூடிவிடும்.

"இதெப் போடப்போறது கைக்கொழந்தைங்க, கண்ணு. அதுக நெஞ்சுல நாம ஒரு இதயத்தெ வெச்சுத் தர்றோம். அதுல போயி மீசையிருந்தா நல்லாவாங்க இருக்கும்? டேபிள்ல கை வெக்கறவிங்க எல்லாரும் நாளைக்கு க்ளீன் ஷேவ் பண்ணீட்டு வந்துருங்க சாமி. மனசு வல்லீன்னா வேற கம்பெனி பாத்துக்கலாமுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்."

இவ்வளவு பணிவாக வேலையை விட்டு அனுப்புகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

டீ நேரத்தில் சுடலை தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டான். அவன் ஞாயிறு தவறாமல் கறிக்கடையில் நிற்கிறவன். ஆட்டின் இதயம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது ஒருநாளும் இந்தச் சட்டையில் இருப்பதுபோல் இருந்ததில்லை. உலகத்தில் இல்லாத ஒரு இதயத்துக்காக மூக்குக்குக் கீழே இருக்கிற மீசையைக் கொடுக்க வேண்டுமா என்பது அவன் கேள்வி. பக்கத்தில் நின்ற ஜெபக்குமாருக்கு வேறு கவலை. காதல் தோல்வி என்று நாலு பேர் இரக்கப்படட்டும் என்றுதான் அவன் தாடியே வளர்த்தான். தாடி போனால் இனி அவன் சோகத்தை யார் நம்புவார்கள்?

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்ம ஊர்ல மீசைய எப்ப எடுப்பாவன்னு தெரியும்லா?" என்று கேட்டாள்.

சுடலைக்குத் தெரியாமலா? பெற்ற அப்பா செத்தால்தான் எடுப்பார்கள். அவன் அப்பாவோ திருநெல்வேலிப் பக்கத்தில் கல்லுப்போல் இருக்கிறார். மழித்த முகத்தோடு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தால் தாம்பூலம் மாற்ற யாருக்குக் கை வரும்?

"வேலைய விட்டுருதேன்" என்றான்.

"வேலையில்லாத மாப்பிள்ளைக்கும் எங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டாவ."

வேலை முடிந்ததும் சுடலை நேராக சலூனுக்குப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அழுகை வந்தது உண்மை. சோப்பு எரிந்தது என்று சலூன்காரரிடம் சொல்லிச் சமாளித்தான்.

மறுநாள் காலை கேட்டில் ஒரே குழப்பம். வருஷக்கணக்காகப் பார்த்த முகங்களையே வாட்ச்மேனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஜெபக்குமார் பள்ளிக்கூடப் பையனைப் போல் வந்தான். மேசையில் கை வைக்காத அயர்ன் மாஸ்டரும் பேக்கிங் ஆட்களும்கூட எதற்கு வம்பு என்று எடுத்துவிட்டார்கள். மேனேஜர் வேல்குமார் எல்லோருக்கும் முன்மாதிரியாக, கன்னத்தில் இரண்டு பிளாஸ்திரியோடு நின்றார்.

சுடலை காலையில் ஊருக்கு வீடியோ கால் போட்டிருக்கிறான். அவன் அம்மா முகத்தைப் பார்த்து அலறி, கட்டிலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவை இழுத்துவந்து போனுக்கு முன்னால் நிறுத்தி, நல்லாத்தானே இருக்கார் என்று அழுதிருக்கிறாள். செய்தி உடனே முத்துப்பேச்சியின் அப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது. மீசை முளைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

முத்துப்பேச்சி சுடலையின் மேலுதட்டைப் பார்த்தாள். வெயிலே படாத அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சேர்ந்து வந்தன.

"போகட்டும், பேச்சி. இனி முடி வராதுல்லா" என்றான் அவன்.

அன்றைய முதல் சட்டை அச்சாகி வந்தது. எப்போதும்போல அதை ஈரத்தோடு பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். முதலாளி வந்து சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டையின் மேல் நன்றாகக் குனிந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஆசையாகப் பார்த்தார். "ஜோரா வந்திருக்குது, ஓட்டுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் அறையை நோக்கி நடந்தார்.

முத்துப்பேச்சி அந்தச் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு இதயத்தின் நடுவில், குட்டையாக, கறுப்பாக, ஒரு முடி வளைந்து கிடந்தது.

இந்த முறை அவள் மேனேஜரைக் கூப்பிடவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய் அய்யாசாமியை வழிமறித்துச் சட்டையை நீட்டினாள்.

"இன்னைக்கும் ஒண்ணு இருக்கு மொதலாளி" என்றாள்.

தினமும் முதல் சட்டையின் மேல் குனிந்து, பெருமை தாங்காமல் முறுக்கிக்கொள்வதற்கு, அந்த யூனிட்டிலேயே மீசை மிச்சமிருந்தது அவர் ஒருவருக்குத்தான்.