பூரிப்பு

வடிவு பீடி சுற்றியே இடுப்பு ஒடிந்தவள். ஆனாலும் ஒருநாள் படுத்ததில்லை. காலையில் டீயோடு ஒரு வலி மாத்திரை, மத்தியானம் இன்னொன்று. பெட்டிக்கடையில் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். ஊரே ஓணான் என்று கேலி செய்த உடம்பு, இந்த ஆடியில் முகம் உப்பிக் கன்னம் மினுமினுத்தது. "பூரிச்சிட்டியே வடிவு" என்றார்கள். பூரிப்பு என்றால் உடம்புக்கும் மனசுக்கும் ஒரே சொல்தானே, கண்ணுகளா.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த வளையல்காரியிடம் ராஜாத்தி மாதிரி கையை நீட்டினாள். "சின்னப்பிள்ளை அளவு இனி வேண்டாம். பெருசா எடு."

வளையல்காரி மணிக்கட்டைக் கட்டைவிரலால் அமுக்கி வளையல்களை ஏற்றினாள். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அவள் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"மைனி, வலிக்கு மாத்திரை திங்கியளோ?"

"தினமுந்தான். இல்லாட்டா யாரு பீடி சுத்துவா?"

"எங்க அக்காளும் இப்படித்தான் பூரிச்சா. கடைசில கிட்னி போச்சுன்னாவ. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க மைனி."

வடிவு சிரித்தாள். "நான் சதை போட்டது உனக்கும் பொறுக்கலையாக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கண்ணேறு கழிய உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொல்லி மகள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வளையல் கையை மடிமேல் எடுப்பாக வைத்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டிருந்த மகள் வளையல்களுக்கு நடுவில் இன்னும் நிரம்பாத அந்தக் குழியைப் பார்த்தாள். அவள் கை பாதியில் நின்றது.

"நிறுத்தாம சுத்துட்டி, பொல்லாத கண்ணு" என்றாள் வடிவு, பூரிப்போடு.