பச்சையாக ஒரு டம்ளர்

ஒரு கால் சுவரின் இந்தப் பக்கம். ஒரு கால் அந்தப் பக்கம்.

குதித்துவிட்டாள்.

முழங்கை சிராய்த்தது. சேலை எங்கோ மாட்டி டர்ரென்று கிழிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நாத்தனார் வீட்டு அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"மைனி! குடிச்சிராதீங்க! மைனி!"

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

தெருவழியாகப் போயிருக்கலாம். இரண்டு கேட்டைத் திறந்து, ஒரு தெருமுக்கைச் சுற்றி. அதற்குள் ஒரு டம்ளர் உள்ளே போயிருக்கும். சேதி கொண்டுவந்த புருஷன் கணபதி, வீட்டில் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"உலகு, அக்கா அந்தக் கீரைய பச்சையா அரைச்சுக் குடிக்கப் போறாளாம். சக்கரைக்கு நல்லதாம்லா."

காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். மழை வரும்போல இருக்கு என்பதுபோல.

அந்தக் கீரை, சாயாக் கீரை. ஆளுயரத்துக்குப் புதராக நிற்கும். இலை பார்க்கப் பப்பாளி இலைக்குத் தம்பி. பொரியல் வைத்தால் சட்டி வழித்துக் காலியாகும்.

ஆனால் நன்றாக வெந்த பிறகுதான் அது கீரை.

பச்சையில் விஷம்.

அதை அவள் மைனியிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழும்பிய அன்று, நாலு பேர் முன்னால், மைனியைப் பார்த்து, "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க" என்று மண்ணை வாரித் தூற்றியவள் அவள். அதோடு பேச்சு அறுந்தது.

பிறகு ஒருநாள் காதில் விழுந்தது. மைனிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, கால் புண் ஆறமாட்டேன் என்கிறது என்று.

மனசு கேட்கவில்லை. தன் செடியில் ஒரு குச்சியை ஒடித்தாள். அடியில் ஈரத்துணி சுற்றினாள். சுவர்மேல் வைத்தாள்.

கையில் கொடுத்தால் குச்சி வேர் பிடிக்காதாம். சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து நட்டால்தான் தழைக்குமாம். அந்தத் தெருப் பெண்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பேச்சில்லாதவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

விடிந்தபோது குச்சியைக் காணோம்.

துணியை மட்டும் அலசி, சுவரிலேயே காயப்போட்டிருந்தது.

மிக்ஸி நின்றது.

ஐயோ.

பின்வாசல் படியில் கால் வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள்.

ஊர் என்ன சொல்லும்? அன்றைக்கு வாயால் சொன்னதை இன்றைக்குக் கையால் செய்துவிட்டாள் என்று சொல்லும். கணபதி ஒன்றும் சொல்லமாட்டான். சாப்பிட உட்காரும்போது மட்டும், தட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைப்பான். ஆயுசுக்கும்.

அடுக்களைக்குள் பாய்ந்தாள்.

ஆவுடை மைனி ஜன்னலோரம் நின்றாள்.

கையில் எவர்சில்வர் டம்ளர்.

காலி.

மேலுதட்டில் பச்சையாக ஒரு கோடு.

டம்ளரைத் தட்டிவிட்டாள். மைனியின் தாடையைப் பிடித்தாள்.

"கக்குங்க! விரல விட்டுக் கக்குங்க மைனி! வேகவைக்காமக் குடிச்சா ஆளையே தூக்கிரும்! நான் சொல்லலியே... பாவி, நான் சொல்லலியே..."

மைனி அந்தக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

"விடுட்டி, வலிக்கு. மோருல மல்லியும் இஞ்சியும் போட்டு அடிச்சேன். அதுக்கும் உங்கிட்ட உத்தரவு வாங்கணுமோ?"

மல்லி வாசம். அப்போதுதான் மூக்குக்கு எட்டியது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் என்னவெல்லாமோ வந்தது. கிழிந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அடுப்பைப் பார்த்தாள்.

மண்சட்டி. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. உள்ளே சாயா இலைகள், மேலே வருவதும் கீழே போவதுமாக.

சட்டியை மூடவில்லை. ஆவி தாராளமாக ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது.

திறந்து வைத்து வேகவிட வேண்டும் என்று தெரிந்த கை.

"அவிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நட்ட வாரமே கீரைக்காரி சொல்லிட்டா. பச்சையாத் தொடாதீங்கம்மா, இத எவ குடுத்தான்னு வேற கேட்டா."

"பின்ன ஏன் உங்க தம்பிகிட்ட..."

மைனி குனிந்து டம்ளரை எடுத்தாள். குழாயில் கழுவினாள். கழுவினதையே இன்னொரு தரம் கழுவினாள்.

"வேணும்னே கெடுதலுக்கு வச்சவளா இருந்தா ஓடி வரமாட்டா. அதான் அவங்கிட்ட அப்படிச் சொல்லிவிட்டேன்."

அவள் தரையிலிருந்து எழ, மைனி அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"அவன் வாசல் தாண்டக்கூட இல்ல. அதுக்குள்ள, நீ வருவேன்னு நான் போயி இலையப் பறிச்சிட்டேன்."

கரண்டியை எடுத்து நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல்.

"இந்தா, வெந்துட்டுதான்னு நீ பாத்துச் சொல்லு, உலகு. நீ சொன்னா இறக்கிருதேன்."